பன்னிரண்டாம் மாடி பன் டப்பா

என் மாப்பிள்ளை மூன்றே மாதத்தில் ஒரு யானைக்குட்டியின் எடையை இறக்கி வைத்தார். சரி, யானைக்குட்டி கொஞ்சம் அதிகம்தான். ஒன்பது கிலோ. ஆனால் அதற்காக அவர் ஏறிய படிகளை அடுக்கினால் நிலாவில் துணி காயப்போடலாம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருக்கும் பன்னிரண்டு மாடிக் கட்டடத்து லிஃப்டுகள் அவர் பொறுப்பு. லிஃப்ட் நடுவழியில் நின்றால், கூண்டின் கூரையிலுள்ள சதுரத் திறப்பு வழியே இறங்கி உள்ளிருப்பவர்களை மீட்க வேண்டும். ஒருநாள் அப்படி இறங்கியவர் இடுப்போடு சிக்கிக்கொண்டார். உள்ளே மாட்டியிருந்தவர்கள் காலைப் பிடித்து இழுத்து அவரை மீட்டார்கள்.

மேற்பார்வையாளர் கறாராகச் சொன்னார்: "மூணு மாசம் டைம். அந்தத் திறப்புல சுலபமா போய் வரணும். இல்லேன்னா ஆபீஸ்ல உட்கார்ந்து போன் எடுங்க."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. கம்பியின் முனகலைக் கேட்டே கோளாறு சொல்லும் மனிதர், போன் மணியைக் கேட்டு என்ன செய்வார்?

எதிரி தரைத்தளத்தில் இருந்தது: பேக்கரி. மாலை நாலு மணிக்குக் கிரீம் பன் வெளியே வந்தால் அவர் கால்கள் தாமாகவே அங்கே போய்விடும். நான் பேக்கரிக்காரரிடம் பேசி, மாப்பிள்ளைக்கு விற்பதை நிறுத்த வைத்தேன். தினம் ஒரு பன்னை நானே வாங்கி, பன்னிரண்டாம் மாடியில் எங்கள் வீட்டு டப்பாவில் வைத்தேன்.

"ஆசையா இருந்தா படியேறி வாங்க, மாப்பிள்ளை. லிஃப்டைத் தொடக் கூடாது."

"பன்னிரண்டு மாடியா, அத்தை?"

"பன் நடந்து வராதே!"

முதல் வாரம் நாலாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது மாதம் மேலே வந்து சேர்ந்தார். வந்தவர் கேட்டது தண்ணீர்தான், பன் அல்ல.

இதற்குள் கட்டடத்தில் புரளி கிளம்பிவிட்டது. "லிஃப்ட் மெக்கானிக்கே படியில ஏறுறாருன்னா என்ன அர்த்தம்?" என்றார் ஒன்பதாம் மாடி வக்கீலம்மா. மறுநாள் முதல் மொத்தக் கட்டடமும் படியில். நான்கு லிஃப்டும் வாயைப் பிளந்துகொண்டு காலியாக நின்றன. ஏழாம் மாடிக்காரர் அரிசி மூட்டையோடு மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே ஏறினார்.

புகார் போய், மேற்பார்வையாளர் வந்தார். கேள்விப்பட்டதில் பயந்து அவரும் படியில்தான் வந்தார். மூச்சு திரும்பியதும், "சோதனையை இன்னைக்கே வச்சுக்கலாம். எல்லாரும் பார்க்கட்டும்" என்றார். கெடு முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

கூண்டைச் சற்றுக் கீழே நிறுத்தி, அதன் கூரை எங்கள் மாடித் தரைக்குச் சமமாக வரும்படி கதவைத் திறந்தார்கள். மாப்பிள்ளை கூரைத் திறப்புக்குள் கால்களை விட்டார். இடுப்பு வந்தது, நின்றது. என் மகள் என் கையை நசுக்கினாள். மாப்பிள்ளை மூச்சை முழுக்க வெளியே விட்டார். அப்படியே வழுக்கிக்கொண்டு உள்ளே போனார். பிறகு கையூன்றி, யாரும் தூக்காமல் மேலேயும் வந்தார்.

"இப்பவாவது லிஃப்ட்ல போங்க, புண்ணியமாப் போகும்!" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

இன்றும் அவர் படியில்தான் வருகிறார். அந்த மூன்று மாதமும் டப்பாவிலிருந்த பன்னை ஒருவரும் தொடவில்லை என்று இங்கே பெருமையோடு எழுதிக்கொண்டிருந்தேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த மகள் குறுக்கிட்டாள்:

"அவர் தொடலைன்னு எழுதும்மா. அவர் இறக்கின ஒன்பது கிலோவுல மூணு கிலோ உன்கிட்டதான் இருக்கு."