செருப்போடு நிற்கிறவன்

ஞாயிறு பூசைக்கு எங்கள் அந்தோணியார் கோயில் வாசலில் குவியும் செருப்புகளில் ஒரு ஜோடியில் மட்டும் கால்கள் இருக்கும். அவை பிரபாகரனுடையவை. ஜன்னலுக்கு வெளியே, புங்கமரத்தடியில், தன் மொபெட்டின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பான். பாடகர் குழுவில் எனக்கு ஜன்னலோர இடம் என்பதால் அவனை முழுதாகப் பார்க்க முடியும். பங்குச் சாமியார் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றால் உள்ளே இருப்பவர்கள் கொட்டாவியோடு பதில் சொல்வார்கள். வெளியே இவன் உதடு முந்திக்கொள்ளும். பிரசங்கம் தொடங்கியதும் டீ குடிக்கப் போய்விடுவான். அது முடிகிற நேரம் எப்படித்தான் தெரியுமோ, சரியாகத் திரும்பி வந்துவிடுவான்.

"ஏம்பா, உள்ள வந்து நின்னா என்ன?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

"கரன்ட் வேல பாக்குறவன் செருப்ப கழட்டக் கூடாது சார், ஷாக் அடிக்கும்" என்பான். கோயிலுக்குள் என்ன கரன்ட் ஓடுகிறது என்றால், "அது உங்களுக்குத்தான் தெரியணும். நீங்கதான உள்ள இருக்கீங்க" என்று சிரிப்பான்.

வயது இருபத்து நான்கு. ஞானஸ்நானப் பெயர் சவரிமுத்து. சாமியாரைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. சாமியார் கூப்பிட்டால் இவன் திரும்புவதில்லை. பகலில் மரக்காணம் உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின் இவன் பொறுப்பு. மாலையில் மைக்செட், சீரியல் லைட், ஜெனரேட்டர் வாடகை. கூனிமேட்டுக் கல்யாணத்துக்கும் பிரம்மதேசத்துத் திருவிழாவுக்கும் எங்கள் தேருக்கும் ஒரே குழாய் ஸ்பீக்கர்தான். மைக்கைச் சோதிக்கும்போது ஒன்று இரண்டு என்று எண்ண மாட்டான், "யம்மா, சோறு ஆயிடுச்சா?" என்று கேட்பான். புதுத்தெருவில் இருக்கும் அவன் அம்மா சவரியம்மாளுக்கு அது கேட்கும்.

போன வருஷம் தவக்காலத்தில் புதுச்சேரியிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்து, இளைஞர்கள் ஏன் கோயிலை விட்டு விலகிப் போகிறார்கள் என்று கூட்டம் போட்டோம். வந்தவர்கள் எல்லாம் பேரன் பேத்தி எடுத்தவர்கள். இருந்த ஒரே இளைஞன் வாசலில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்தான். டிவியும் கெட்ட சகவாசமும்தான் காரணம் என்று பேச்சாளர் வெகுநேரம் விளக்கினார். கடைசியில் சாமியார், "வெளியே இருக்கிற தம்பியையும் கேட்போமே" என்றார். படிக்கு வெளியே நின்றபடியே மைக்கை வாங்கிய பிரபாகரன், "நாங்க உள்ள வர்றோம் ஃபாதர். மொதல்ல அந்தோணியார எங்க தெருவுக்குள்ள வரச் சொல்லுங்க" என்றான். பிறகு சத்தம் சரியாக இருக்கிறதா என்று பேச்சாளரிடம் அக்கறையாக விசாரித்தான்.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் அந்தோணியார் தேர் ஊரைச் சுற்றி வரும். ரேஷன் கடை முனையில் இடப்பக்கம் திரும்பிவிடும். நேரே போனால் புதுத்தெரு. அங்கே இருப்பவர்களும் திருவிழா வரி கொடுக்கிறார்கள், பூசைக்கு வருகிறார்கள். ஆனால் வேறு சாதி. அந்தச் சொல்லை மட்டும் எங்கள் கோயிலில் யாரும் வாயால் சொல்வதில்லை. "தெரு குறுகல்ப்பா. ஒயரு வேற தாழ்வா தொங்குது" என்பார் விழாக் கமிட்டி செல்லப்பன். உப்பு லாரிகள் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் போகின்றன. சுனாமி வந்தபோது எல்லாத் தெருக்காரர்களும் கோயிலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஒரே அண்டாவில் சாப்பிட்டோம். தண்ணீர் வடிந்ததும் அதுவும் வடிந்துவிட்டது. நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

சவரியம்மாள் முன்பெல்லாம் உப்பும் மிளகும் எடுத்துக்கொண்டு ரேஷன் கடை முனைக்கு வந்து தேரில் போடுவாள். இப்போது மூட்டுவலி, முனைவரை நடக்க முடியவில்லை. "அந்தோணியாரு நம்ம வாசலுக்கு ஒரு தபா வந்துட்டா போதும், நிம்மதியா கண்ண மூடிடுவேன்" என்று மகனிடம் சொல்லியிருக்கிறாள். "கண்ண மூடுறதெல்லாம் வேணாம். உப்ப மட்டும் எடுத்து வை" என்றானாம்.

தேர் கிளம்பினால் ஊர் முழுக்கக் கரன்டை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் பிரபாகரனின் ஜெனரேட்டர்தான் வெளிச்சம். அதை மூன்று சக்கர வண்டியில் ஏற்றித் தேருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வருவது வழக்கம். அந்த இரைச்சலில் செபமாலை கேட்கவே இல்லை என்று சாமியார் குறைப்பட்டிருந்தார். "இந்த வாட்டி நீள ஒயரு போட்டு முன்னால கொண்டு போயிடறேன் ஃபாதர்" என்றான். இவ்வளவு பணிவை எதிர்பார்க்காத செல்லப்பன் அவன் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

இந்த ஜூனில், ரேஷன் கடை முனை வந்ததும் ஜெனரேட்டர் வண்டி நேரே புதுத்தெருவுக்குள் போனது.

"டேய், எங்கடா போற? லெஃப்ட்ல திருப்புடா" என்று செல்லப்பன் கத்தினார்.

"பிரேக் புடிக்கலண்ணா. இழுத்துக்கினு போவுது."

மேடு பள்ளமே இல்லாத எங்கள் உப்பளக் கரை ஊரில் வண்டி எந்தச் சரிவில் உருண்டது என்று இதுவரை யாரும் விசாரிக்கவில்லை. ஒயர் விறைத்து நின்றது. இடப்பக்கம் திரும்பினால் ஒயர் பிடுங்கிக்கொண்டு அந்தோணியார் இருட்டில் நிற்க வேண்டியதுதான். நேரே பார்த்தால் புதுத்தெரு முழுக்க, அவன் முன்கூட்டியே கட்டி அதே ஜெனரேட்டரில் மாட்டிவிட்ட டியூப்லைட். தாழ்ந்த ஒயர்களையெல்லாம் மூங்கில் கழி கொடுத்து உயர்த்தியிருந்தான். செல்லப்பன் சாமியாரைப் பார்த்தார். சாமியார் இருட்டைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த 'அருள்நிறைந்த மரியே'யைத் தொடங்கி நேரே நடந்தார். தேர் உள்ளே போனது. இரண்டு பக்கமும் தாராளமாக இடம் மிச்சமிருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் கோயிலுக்குள் வருவான் என்று சிலர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் புங்கமரத்தடியில் நின்றான். "ஒரு தபாதான சார் வந்தாரு, அதுவும் பிரேக் புடிக்காம. அடுத்த வருஷம் நீங்களா கூட்டிக்கினு வாங்க, அப்பறம் பாப்போம்" என்றான்.

ஆனால் தேர் வந்த அன்று நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். சவரியம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மகனுடைய பாத்தி உப்பும் கொஞ்சம் மிளகும். தேர் எதிரே நின்றதும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. உட்கார்ந்தபடியே அள்ளி வீசினாள். பாதி தேரில் விழுந்தது, பாதி செல்லப்பன் தலையில். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரபாகரனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் குனிந்து செருப்பு இரண்டையும் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றான்.