ஆயுத பூஜைக்கு நின்ற கணினி

இன்று காலை சிப்காட் பக்கம் போகவேண்டியிருந்தது. நேற்றுதான் ஆயுத பூஜை. ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் உடைத்த பூசணிக்காய், குங்குமம் கலந்த சாறு தார்ச்சாலையில் காயும் வாசனை. அது மூக்கில் ஏறினாலே எனக்கு முகம் சுடும். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

அப்போது பெங்களூரில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி நான். ஓசூரில் அப்பா வீட்டிலிருந்து தினமும் பஸ். என் ஆராய்ச்சி என்னவென்று கேட்டால் ஏமாந்துபோவீர்கள். வீட்டில் என் கணினிக்குள் கட்டம் கட்டமாக ஒரு பலகை. ஒவ்வொரு கட்டமும் விழித்திருக்கும், அல்லது தூங்கும். பக்கத்துக் கட்டம் விழித்திருந்தால்தான் இது மாறமுடியும். கணக்கில் பலகையின் சூட்டைக் குறைத்தால் பெரும்பாலானவை தூங்கிவிடும், எழுப்ப ஆளிருக்காது. அத்திப்பள்ளி டிராபிக்கில் முன்வண்டி நகராமல் நம் வண்டி நகராதே, அப்படித்தான். கண்ணாடி போன்ற பொருள்கள் ஏன் இத்தனை மெதுவாக நிலைக்கு வருகின்றன என்று இதை வைத்துப் பார்க்கலாம். நாளாக ஆக இன்னும் மெதுவாகும். அவசரப்படுத்த வழியில்லை, ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். கோடையில் தொடங்கியது புரட்டாசியிலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முடிவைக் காட்டினால்தான் உதவித்தொகை நீளும். கரண்ட் போகக்கூடாதென்று இன்வெர்ட்டர் வாங்கிவைத்த எனக்கு, அவ்வப்போது நிலையைச் சேமித்துவைக்க நிரலில் நாலு வரி எழுதத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய அறிவாளி.

அப்பாவுக்கு ஊர் வேப்பனப்பள்ளி. மாந்தோப்பைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு இங்கே கம்பெனியில் ஃபிட்டரானவர். பூஜையன்று எந்த மிஷினும் ஓடக்கூடாது. துடைத்து, பொட்டு வைத்து, ஓய்வு கொடுக்க வேண்டும். நான் குளித்துவிட்டு வந்தபோது என் கணினி திரை இருண்டு, சந்தனமும் குங்குமமும் இட்டு, சாமந்திச் சரத்தோடு இருந்தது.

"ராப்பகலா ஓடிட்டே இருக்குதேம்மா. இன்னைக்கு ஒரு நாளாவது அதுக்கு ரெஸ்ட் வேணாமா?" என்றார் அப்பா, பெருமையாக.

சுவிட்சை அணைத்திருந்தார்; கோடையிலிருந்து ஓடியது அத்தனையும் போயிற்று. என் வழிகாட்டிப் பேராசிரியரைப் போனில் கூப்பிட்டுத் திக்கித் திணறினேன். "சேமித்து வைக்கவில்லையா?" என்று கேட்டார். அப்பா போனை வாங்கினார். சூப்பர்வைசர் முன்னால் நிற்பதுபோல எழுந்து நின்று, கம்பெனிக் கன்னடத்தில், "தப்பு நந்தே சார், மகள்தல்ல" என்றார். தப்பு என்னுடையது, மகளுடையதல்ல. பூஜைக்கு வந்திருந்த அவருடைய கூட்டாளிகள் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும்தான்.

உதவித்தொகை நீண்டது, மறுபடி ஓடவிட்டேன், பட்டமும் வந்தது. குறை நான் எழுதாத நாலு வரியில்தான் என்று அப்பாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "நான் வருத்தப்படக்கூடாதுன்னு சொல்றே" என்பார், அவ்வளவுதான்.

இப்போது என் கணக்குகள் எங்கோ தொலைவில் ஓடுகின்றன. நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நேற்று பூஜைக்கு லேப்டாப்பை நானே கொண்டுபோய் வைத்தேன். என் சைக்கிளோ கைக்கடிகாரமோ எதுவானாலும், கேட்காமலே எடுத்துக் கழற்றிச் சரிசெய்து வைத்துவிடும் மனிதர் ஒருகாலத்தில் அப்பா. சந்தனக் கிண்ணத்தோடு ஓரடி தள்ளியே நின்றார்.

"தொடலாமாம்மா?" என்று கேட்டார்.