நடுப்பிள்ளை கேட்காத வரம்

மாரியம்மன் அடியார்களே, அழாமல் இதைச் சொல்லி முடிக்க அவள்தான் துணையிருக்க வேண்டும்.

வெண்ணாற்றங்கரையில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பம் எங்களுடையது. மூன்று ஆண் பிள்ளைகளில் நான் நடு. அப்பா செத்தபோது அண்ணன் கொள்ளி வைத்தார். அம்மாவுக்குக் கடைசித் தம்பிதான் வைக்க வேண்டும். எங்கள் முறை அது. நடுவில் பிறந்தவனுக்கு அதில் வேலையே இல்லை. வீட்டிலும் அப்படித்தான். அண்ணன் பேச்சுக்கு மரியாதை, தம்பிக்குச் செல்லம். என்னை அம்மா பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டாள். "இவனே" என்பாள். எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவனாகவே வளர்ந்தேன்.

ஆட்சி மாறி ஊரெல்லாம் புதுக் கொடி பறந்த காலம். கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி நாங்கள் கேட்டதில் சம்பா அறுவடை நின்றுபோனது. முன்னால் நின்ற தம்பியைப் போலீஸ் பிடித்து ஜெயிலில் போட்டது. அந்த ஏக்கத்தில் அம்மா படுத்துவிட்டாள். அண்ணன் பட்டுக்கோட்டையில் தோப்பு வேலையில் இருந்தார். வந்து பார்த்துவிட்டுப் போனார். கஞ்சி புகட்டியதும் துணி மாற்றியதும் நான்தான்.

கண் திறந்தால், "சின்னவன் வந்துட்டானா?" என்பாள்.

"நான் இருக்கேம்மா."

முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கொல்லைப்புறம் போய் அழுவேன்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதும் மாரியம்மன் வாசலில் ஈரத்துணியோடு விழுந்தேன். "தாயே, அவன் மொகத்தப் பாக்காம அவ போவக் கூடாது. அதுவரைக்கும் நான் சோறு தொட மாட்டேன்." எனக்கென்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தம்பி வாசலில் நின்றான். கூலிப் பேச்சுவார்த்தை முடிந்து, பிடித்தவர்களை விட்டுவிட்டார்களாம். அம்மா அவன் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு உதடு அசைந்தது. இருவரும் குனிந்தோம்.

"காளிமுத்து சாப்புடாமயே கெடக்கான்டா. அவனுக்குச் சோறு போடு."

காளிமுத்து நான்தான். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

தம்பி சோறு போட்டான். அம்மா பார்த்திருக்கச் சாப்பிட்டேன். அன்று சாயங்காலம் அம்மா போய்விட்டாள். தம்பி கொள்ளி வைத்தான், நான் பின்னால் நின்றேன். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

அம்மாவின் உயிரையே கேட்டிருக்கலாமே என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் நான் கேட்கத் தெரியாமல் விட்டதை மாரியம்மன் கொடுத்தாள். வாய்விட்டுக் கேட்கத் தெரியாதவர்களே, நீங்களும் அவள் வாசலுக்கு வாருங்கள்.

எனக்கும் மூன்று பிள்ளைகள். நடுவில் பெண். சாப்பிட உட்காரும்போது முதலில் அவளைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.