பஸ் என்றால் பஸ்

எனக்குப் பொறுமை கிடையாது. அமைச்சகத்தில் என் செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஃபைலில் நான் எழுதும் குறிப்பு ஒரு வார்த்தையைத் தாண்டாது. பேசவும். சரி. ஏன்? அவ்வளவுதான். பக்கத்து மேஜையில் இருக்கும் கும்பகோணத்துக்காரர், "மேடம் நோட்டு எழுதறதில்ல, தந்தி அடிக்கறாங்க" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தத் தந்தியால் ஒரு பெண்ணின் வாயை அடைத்துவிட்டேன்.

போனைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது ஊரே பார்த்த வீடியோ. இத்தனை கோடிப் பேர் பார்த்தாகிவிட்டது, நீ இன்னும் பார்க்கவில்லையா என்று மிரட்டுகிற மாதிரி இருக்கும். பார்க்கவில்லை, போடா என்று தள்ளிவிடுவேன். சீனியாரிட்டி லிஸ்ட்டில் என் பெயர் எத்தனையாவது என்று தேடித் தேடியே பாதி சர்வீஸ் போய்விட்டது. கைக்குள் இருக்கிற போனிலுமா லிஸ்ட்?

அதனால் என் தேடல் வேறு மாதிரி. புதிதாக வந்ததை முதலில் காட்டு என்று மாற்றி வைத்துக்கொண்டு, கரோல் பாக், சரோஜினி நகர் என்று அக்கம்பக்கத்துப் பெயர்களைத் தப்பும் தவறுமாக அடிப்பேன். நாமும் தப்பாக அடித்தால்தான் தப்பாகத் தலைப்பு வைத்தவர்கள் அகப்படுவார்கள். அப்படித்தான் ஒருவர் ஏர் கூலரைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பச் சேர்க்கத் தெரியாமல் மனைவியிடம் திட்டு வாங்குவது கிடைத்தது. பதினோரு பேர் பார்த்திருந்தார்கள். சாணக்யபுரியில் ஏதோ ஒரு மாநில விருந்தினர் மாளிகைச் சுவரில் உட்கார்ந்து யாருடைய சட்டையையோ போட்டுப் பார்க்கும் குரங்கு. நாலே பேர். அட, இதையெல்லாம் விட்டுவிட்டு உலகம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காரும் தமிழர்கள் ஏழு பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். கண்டெடுத்ததைத் தினமும் அதில் போடுவேன். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். கும்பகோணத்துக்காரர் மட்டும் கேட்பார், "எத்தனை வியூஸ் மேடம்?"

"ஒம்போது."

"ஒம்போதா! அப்ப நான் பத்தாவது பாஸ்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான் சிரிப்பேன். போட்டதும் எண்ணிக்கை ஏறுகிறதா என்று தயிர் சாதத்துக்கு நடுவில் பத்து தடவை திறந்து பார்ப்பேன்.

அந்தப் பெண் எனக்குக் கிடைத்தது போன குளிர்காலத்தில். முகம் காட்டவே மாட்டாள், குரல் மட்டும்தான். கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், தமிழ் பேச வரும், படிக்க வராது என்று அவளே ஒன்றில் சொல்லியிருந்தாள். மொத்தம் ஆறு வீடியோ. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வழிவது, அம்மாவும் அவளும் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று சண்டை போடுவது, இப்படி. ஆறாவதுதான் பஸ் வீடியோ. கரோல் பாக்கில் ஏறி சரோஜினி நகர் வரும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னலில் தெரிவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறாள்.

"அந்த அங்கிளப் பாருங்க. ஹெல்மெட்டக் கழட்டாமலே பாவக்கா பொறுக்கறாரு. பையா, ஜல்தி கரோங்கறாரு. அவருக்கு என்ன அவசரம்? பாவக்காதானே, அதுக்குள்ள இனிச்சிடுமா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பதினெட்டு வருஷமாக அதே சாலையில் நான் போய் வருகிறேன். ஒரு நாளாவது ஜன்னலுக்கு வெளியே பார்த்திருப்பேனா? சத்தியமாக இல்லை. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் எழுந்து வாசலில் நிற்கிற ஜாதி நான். அந்த வீடியோவை ஒரே வாரத்தில் மூன்று முறை குழுவில் போட்டேன். மூன்றாக இருந்த வியூஸ் பதினாலாக ஏறியது. பார்த்தீர்களா, என் ஆட்கள் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

பிறகு ஒரு நாள் அந்த பஸ் வீடியோவின் அடியில் அவளே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். யாரும் பார்க்கிற மாதிரித் தெரியவில்லை, வீட்டில் பரீட்சைக்குப் படி என்கிறார்கள், இனிமேல் என்ன போடட்டும், இல்லை நிறுத்திவிடட்டுமா?

அதை நான் பார்த்தபோது மணி பதினொன்று. டைரக்டர் ஃபைலோடு வரச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் போன். நிறுத்தாதேடி பெண்ணே, பஸ் வீடியோ போடு, இன்னும் பத்து போடு என்று மனதுக்குள் கத்திக்கொண்டே, அவள் படிக்க வேண்டுமே என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். மூன்றே எழுத்து. பஸ். ஒரு முற்றுப்புள்ளி. அனுப்பிவிட்டு ஓடினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் திறந்தால் சேனலே இல்லை. வேறு வேறு எழுத்துக்கூட்டலில் அடித்துப் பார்த்தேன். ம்ஹும். நாலு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. நான் ஆசையாக ஒரு பதில் போட்ட பிறகும் அழித்துவிட்டாளே என்று அவள் மேல் கோபம்கூட வந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நல்ல கூட்டம். வாசலில் நின்ற ஓர் அம்மாள் கீழிருந்து தொற்றி ஏறப் பார்த்தவர்களை இரண்டு கையாலும் தடுத்துக் கத்தினாள்: "பஸ், பையா, பஸ்! ஜகா நஹீ ஹை!" இடம் இல்லையாம்.

எனக்குச் சுரீர் என்றது. இந்தியில் பஸ் என்றால் போதும். தினமும் நூறு தடவை காதில் விழுகிற வார்த்தை. கறிகாய்க்காரரிடம் நானே சொல்கிற வார்த்தை. நிறுத்திவிடட்டுமா என்று கேட்ட பெண்ணிடம், அவளுக்கு இருந்த ஒரே ரசிகையான நான், போதும் என்று சொல்லி முற்றுப்புள்ளியும் வைத்திருக்கிறேன். இந்தியில் எழுதியிருந்தாலும் இரண்டும் ஒரே எழுத்துதான். ஆங்கில எழுத்தில் இந்தி அடிப்பவர்களும் போதும் என்பதற்கு இதே மூன்று எழுத்தைத்தான் போடுகிறார்கள். இன்னும் ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் தப்பித்திருப்பேன். படுபாவி, அதற்குக்கூட எனக்கு நேரம் இல்லை.

அந்தச் சனிக்கிழமையே நான் கரோல் பாக் போய், அதே பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வீடியோ எடுத்தேன். போனைப் பிடிக்கத் தெரியாமல் பாதிக்கு மேல் என் புடவைத் தலைப்புதான் தெரிகிறது. "பஸ்னு எழுதினது நான்தாம்மா. இந்த வண்டியச் சொன்னேன். போதும்னு சொல்லல. நீ பேசணும்னு சொன்னேன்" என்று சொல்லி முடித்தேன். அவள் தன் வீடியோவுக்கு வைத்திருந்த தலைப்பையே எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்துப் போட்டேன். தன்னுடையது எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று என்றைக்காவது அவளே தேடினால், என்னிடம்தான் வந்து நிற்க வேண்டும் என்று ஒரு கணக்கு.

வியூஸ் ஒன்று. நான். இரண்டு. அதுவும் நான்தான். ஃபைலைத் திறப்பதும் போனைத் திறப்பதுமாக மூன்று வாரம் போனது. யாராவது ஒருத்தர் பார்க்க மாட்டார்களா என்று காத்துக்கிடப்பது எவ்வளவு கேவலமான வேதனை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை என் வீடியோவின் அடியில் பதில் வந்திருந்தது. "ஆன்ட்டி, நீங்களா அது? நான் போதும்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன், போன்லயும் இல்ல. உங்ககிட்ட அந்த பஸ் வீடியோ சேவ் ஆகியிருக்கா? அது ஒண்ணுதான் எனக்கே பிடிச்சது."

என்னிடம் ஏது? நான் எதையும் சேமித்து வைத்ததில்லை, கண்டதும் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதோடு சரி. குழுவில் அவசரமாகக் கேட்டேன். கரோல் பாக் பெண்ணின் பஸ் வீடியோவை யாராவது இறக்கி வைத்திருக்கிறீர்களா, ரொம்ப முக்கியம் என்று. மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். கேள்விக்குக் கட்டைவிரல்! கும்பகோணத்துக்காரர் மட்டும் பதில் போட்டார்.

"எந்தப் பொண்ணு மேடம்?"

அந்த வியூஸ் எல்லாம் தயிர் சாதத்துக்கு நடுவில் நான் திறந்து திறந்து பார்த்ததுதான்.

அவளுக்கு எழுதினேன். என் சர்வீஸிலேயே நான் எழுதிய நீளமான குறிப்பு அதுதான். "என்னிடம் இல்லையம்மா. வேறு யாரிடமும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்குக் கரோல் பாக்கில் அதே பஸ்ஸில், கடைசி சீட்டில் உனக்கு இடம் போட்டு வைக்கிறேன். வந்து புதிதாக எடு. நான் குறுக்கே பேச மாட்டேன்." ஆங்கில எழுத்தில் அடித்து, இரண்டு முறை படித்துப் பார்த்து அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மூன்றே எழுத்து. பஸ்.

வருகிறேன் என்கிறாளா, போதும் விடுங்கள் என்கிறாளா? திரும்பக் கேட்கப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கே கரோல் பாக் நிறுத்தத்தில் போய் நின்றுவிட்டேன். மூன்று மணி பஸ் வந்தது. முதலில் ஏறி, பெண்களுக்கான இலவச பிங்க் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கடைசி சீட்டில் ஜன்னல் ஓரத்தில் பையை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார வந்தவர்களிடமெல்லாம் ஆள் வருகிறது என்று சண்டை போட்டேன். கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. அதில் எந்த முகம் அவளுடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்டக்டர் வாசலைப் பார்த்துக் கையை ஆட்டி, வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்: "பஸ், பஸ்! சலோ!"

பையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்று, அவருக்குப் புரியுமா புரியாதா என்றுகூட யோசிக்காமல், தமிழிலேயே கத்தினேன்.

"இருங்க, இருங்க! இன்னும் ஒருத்தி வரணும்!"