கைதட்டு வாங்கிய கப்பற்சேதம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்கள் கப்பல் தலைவர், கப்பித்தானோ, எனக்கொரு கிழிந்த சட்டை தந்தார். அதுதான் யூனிஃபோர்ம். இத்தாலியில் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊரில் உல்லாசப் பயணிகளை மரப் பாய்க்கப்பலில் ஏற்றி, ஆளில்லாத் தீவொன்றில் இறக்கி, அந்தக் காலத்தில் கப்பலுடைந்து ஒதுங்கிய மாலுமிகளைப் போல அரை நாள் வாழவைப்பது அவருடைய தொழில். நான் சமையல், ரஜனி அக்கா பரிமாறல்.

1. கயிறு

பாய்க்கப்பல் காலத்தில் இல்லாத எதுவும் கூடாது என்பது அவர் சட்டம். ஏறும்போதே எல்லாருடைய போனும் ஒரு பெட்டிக்குள் போய்விடும். நங்கூரத்துக்கும் பழைய சணல் கயிறுதான்.

"கப்பித்தானோ, இது உக்கிப்போச்சு. நைலோன் போடுங்கோ."

"அந்தக் காலத்திலை நைலோன் எங்கை இருந்தது? நீ மீனைப் பொரி."

மன்னாரில் கடலுக்குப் போனவன் நான். கரையில் கால் வைத்தால் முதலில் இறங்குவது தண்ணீர்க் கான். கப்பித்தானோ அழகுக்கு வைத்திருந்த மரப் பீப்பாவுக்குள் வெறும் காற்றுத்தான்.

"கப்பல் பக்கத்திலை நிக்குது. ஏன் தம்பி தண்ணியைத் தூக்கிக் காவுறாய்?" என்று ரஜனி அக்கா அன்றும் சிரித்தார்.

2. கைதட்டு

மீன் பாதி பொரிந்தபோது கயிறு அறுந்தது. கப்பல் தீவின் பின்பக்கப் பாறையில் மோதிச் சரிந்தது. போன் பெட்டியும் அதோடு போயிற்று. இதுவும் நாடகம்தான் என்று நினைத்துப் பன்னிரண்டு விருந்தினரும் எழுந்து, "பிராவோ!" என்று கைதட்டினார்கள். கப்பித்தானோ தலையில் கைவைத்து அழுதார். அதற்கும் கைதட்டு.

தன் எண்பதாவது பிறந்தநாளுக்கு வந்திருந்த, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிட்ட அம்மா மட்டும் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். வெயிலில் முகம் வெளிறியிருந்தது. துணியை நனைத்து நெற்றியில் போட்டேன். ஒரு கான் தண்ணீர், பதினைந்து பேர். உண்மையிலேயே பயந்துபோனேன்.

3. பொய்முடி

நெருப்பு மூட்டினோம். தூரி என்ற மீனவரின் வள்ளம் வந்தது. எல்லாரும் கத்திக் கையசைத்தோம். அவரும் சந்தோசமாகக் கையசைத்துவிட்டுப் போனார். அவரில் பிழையில்லை. தினமும் இதே நேரத்தில் இதே நெருப்பை மூட்டி இதே கத்தல் கத்துகிறவர்கள் நாங்கள்.

சிஞ்ஞோரா இப்போது பேசுவதையும் நிறுத்திவிட்டார். கடலில் வலையை இறக்கிவிட்டுத் தூரி இதே வழியால் திரும்பி வருவார். அதை விட்டால் வேறு வள்ளம் இல்லை.

"ஒரு நாளும் செய்யாததைச் செய்யவேணும்," என்றேன்.

ரஜனி அக்கா கப்பித்தானோவின் தலையைப் பார்த்தார். அது பொய்முடி என்று ஊருக்கே தெரியும். கழற்றி ஒருவரும் கண்டதில்லை.

"முடியைக் கழட்டுங்கோ, கப்பித்தானோ."

"செத்தாலும் மாட்டன்!"

"சாகப்போறது நீங்கள் இல்லை. அங்கை பாருங்கோ."

சிஞ்ஞோராவைப் பார்த்தார். தூரியின் வள்ளம் திரும்பி வந்ததும் முடியைக் கழற்றி, பாறையில் ஏறி நின்று ஆட்டினார். மொட்டைத் தலை வெயிலில் மினுங்கியது. தூரி வள்ளத்தை அப்படியே திருப்பினார்.

"ஆர் செத்தது?" என்று கேட்டபடிதான் வந்து சேர்ந்தார்.

ஒருவரும் சாகவில்லை. சிஞ்ஞோரா கரையில் தெளிந்து எழும்பி, அந்த மொட்டையில் ஒரு முத்தம் கொடுத்தார். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்பார்கள். எங்களைத் தப்பவைத்தது தலையேதான்.

ஆபத்துச் சைகை தினமும் செய்கிற வேலையாக இருக்கக்கூடாது. நான் படித்த பாடம் அது. புதுக் கப்பலில் நைலோன் கயிறு. போன் பெட்டி தண்ணீர்க் கானோடு முதலில் இறங்கும். கப்பித்தானோ மொட்டைத் தலையோடுதான் வேலைக்கு வருகிறார்.

"அப்ப இனி ஆபத்தெண்டா தூரிக்கு எப்பிடித் தெரியும்?" என்று ரஜனி அக்கா கேட்டார்.

கப்பித்தானோ சட்டைப்பையிலிருந்து பொய்முடியை எடுத்துக் காட்டினார்.

"போட்டுக்கொண்டு நிப்பன்."