என் படம் வந்த பத்திரிகை

என்னைப் போல ஒரு பேயன் அந்தக் காலத்து டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். யூதர்களைத் தூற்றிப் புளுகு எழுதும் ஒரு பத்திரிகைக்காரனை வீட்டுக்குள் கூப்பிட்டு, தேத்தண்ணீரும் ரோல்ஸும் கொடுத்து, படமும் எடுக்கவிட்டு, பத்திரிகை வந்ததும் எட்டுப் பிரதி வாங்கி வைத்தவன் நான். இதை இன்றைக்குச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறதென்றால் அதற்கு ஒரு மனிதர்தான் காரணம். அவருக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

மனைவியும் மகளும் இலங்கையில், மன்னாரில் இருந்தார்கள். மகள் பிறந்து நாற்பதாம் நாள் நான் புறப்பட்டவன். எனக்கு இங்கே அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது, சட்டப்படி அவர்களைக் கூப்பிடலாம். விண்ணப்பமும் போட்டாயிற்று. ஆனால் தமிழர்களின் விண்ணப்பங்கள் அசையவேயில்லை. மேலிடத்திலிருந்தே அவற்றை ஒதுக்கி வைக்கச் சொன்ன கதை பிறகுதான் வெளியில் வந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் "பரிசீலனையில் உள்ளது" என்று வரும் கடிதம் மட்டும்தான்.

அதனால் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஃபைல் வைத்திருந்தோம். கலியாணப் படம், பிறப்புச் சான்றிதழ், கடிதங்கள். அதோடு, தமிழர் என்ற சொல் வந்த எந்தப் பத்திரிகைத் துண்டையும் வெட்டி அதற்குள் வைப்போம். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கும் வடிவாக விளங்காது. ஃபைல் தடித்தால் வழக்கும் பலக்கும் என்றொரு நம்பிக்கை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன் வந்து மணியடித்தான். உங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதப் போகிறோம் என்று மெல்ல மெல்லச் சொல்லி, தங்கள் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்றைக் கையில் தந்தான். நான் அகராதியை எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல் வந்தது. தேடிப் பார்த்தால், யூதர்!

எனக்குச் சந்தோசம் பொங்கிவிட்டது. நான் வேதக்காரன், கத்தோலிக்கன். யூதர் என்ற சொல்லைக் கோவிலில் வாசகம் வாசிக்கும்போதும், பெரிய வியாழன் பாஸ்கா நாடகத்திலும் கேட்டிருக்கிறேனே தவிர வேறெங்கும் கேட்டதில்லை. எங்களுக்கு அதுவரை உதவி செய்தவர்களும் கோவில்காரர்கள்தான்.

"மச்சான், இது கோயில்காரற்றை பேப்பர்" என்று அறையில் என்னோடு இருந்தவனிடம் சொன்னேன். அவன் சைவன்.

"நீதானே வேதக்காரன், உனக்குத்தான் தெரியும்" என்றான். போதாதா? உடனே ரோல்ஸ் பொரித்தேன்.

அடுத்த இதழில் என் படம் வந்தது, அரைப் பக்கத்துக்கு. கதிரையில் இருந்து மனைவியின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பிரதி ஃபைலுக்குள் போனது. ஒன்றைக் கொப்பன்ஹேகனுக்கு, விண்ணப்பம் கிடந்த அலுவலகத்துக்கே தபாலில் அனுப்பினேன். இன்னொன்றை மன்னாருக்கு. "என்ரை படம் பேப்பரிலை வந்திட்டுது. இனிக் கெதியிலை அலுவல் சரிவரும்" என்று எழுதினேன்.

மிச்சத்தில் ஒன்றை வேலைத்தலத்துக்குக் கொண்டுபோனேன். யன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலை அது. பக்கத்து மெஷினில் நின்றவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்த டேனிஷ்காரர். இரண்டு வருடமாகத் தினமும் என் பிழையான டேனிஷைப் பொறுமையாகக் கேட்பவர். சாப்பாட்டு அறையில் பத்திரிகையை விரித்து அவர் முன்னால் வைத்தேன். வாசிக்கத் தொடங்கியவர் கையிலிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தார்.

"இதை உனக்கு யாராவது வாசித்துக் காட்டினார்களா?"

"இல்லை."

இலேசான டேனிஷில் அவரே சொன்னார். யூதர்கள் இரகசியமாகக் கூடித் திட்டம் போட்டு, இந்த நாட்டைக் கெடுக்க எங்களை இறக்குகிறார்களாம். படத்தில் இருக்கிறவன் அவர்கள் அனுப்பிய ஆளாம். அவன் பெண்சாதி பிள்ளை பின்னால் வரும் படையாம். மூன்று வயதுப் பிள்ளை படையெடுத்து வருகிறதாம்! எனக்கு உச்சந்தலை கொதித்தது.

அந்தக் கொதிப்பில் நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "அந்த யூதர்கள் எங்கே இருக்கிறார்கள்? அவர்களுக்கும் எங்களுக்கும் என்ன பகை?"

"ஒருவன் இங்கே இருக்கிறான்" என்று தன் நெஞ்சைத் தொட்டார். "உன்னை நான்தான் இரகசியமாக இறக்கினேன் என்றால், இந்த அறுவை மெஷினுக்குப் பக்கத்திலா கொண்டுவந்து விட்டிருப்பேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாஸ்காவில் கரித்தாடி ஒட்டிக்கொண்டு யூதனாக நின்று, "சிலுவையில் அறையும்" என்று நான் தொண்டை கிழியக் கத்திய கதையை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில் சிரித்தார். பிறகு, "பள்ளிக்கூடத்தில் எனக்குக் கல்லெறிந்த பிள்ளைகளும் அந்தக் கதையைச் சொல்லித்தான் எறிந்தார்கள்" என்றார்.

அடுத்த நாளே இரண்டு கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். ஒன்று கொப்பன்ஹேகன் அலுவலகத்துக்கு, நான் விளங்காமல் அனுப்பிய துண்டைப் பற்றி. மற்றது ஹோர்சன்ஸ் ஊர்ப் பத்திரிகையின் வாசகர் பக்கத்துக்கு, அந்தப் புளுகுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்து. இரண்டாவது கடிதத்தின் அடியில் இரண்டு பெயருக்கு இடம் விட்டிருந்தார்.

எடுத்த பேனையைத் திரும்ப வைத்தேன். பெயர் வெளியில் வந்தால் விண்ணப்பம் அடியோடு போய்விடுமோ என்று பயம். "எனக்கு ஏலாது. மனிசி பிள்ளை வரவேணும்" என்றேன்.

"விளங்குது" என்று தன் பெயரை மட்டும் எழுதினார்.

கடிதம் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை எழுதினார், ஒரு பாதிரியார் எழுதினார். ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடைக்காரர் அந்தப் பத்திரிகையை விற்பதை நிறுத்தினார். ஆனால் அந்தப் பத்திரிகைக்காரர்களோ அடுத்த இதழில் என் நண்பரின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் போட்டுவிட்டார்கள். அவர் வீட்டுக்கு அசிங்கமான கடிதங்கள் வருகின்றன என்று பொதி கட்டும் பகுதியில் வேலை செய்த ஒரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"எல்லாம் என்னாலைதான்."

"உன்னால் இல்லை. எழுதினவனால்" என்றுவிட்டு மெஷினைப் போட்டார்.

மேலிடம் ஒதுக்கி வைக்கச் சொன்ன விசயம் நாட்டில் வெளியில் வந்து, அமளிதுமளியாகி, கடைசியில் விண்ணப்பங்கள் அசைந்தன. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தபோது மகளுக்கு ஆறு வயது. என்னைக் கண்டதும் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். வழி முழுக்க என் பக்கத்தில் வரவில்லை.

மறுநாள் நண்பர் பூவும் சின்னச் சிவப்பு வெள்ளை டேனிஷ் கொடியும் கொண்டு வந்தார். மனைவி அவரைக் கண்டதும் செபப் புத்தகத்தைத் திறந்து, மடித்து மடித்து ஓரமெல்லாம் டேப் ஒட்டிய ஒரு தாளை எடுத்தாள். அந்தப் பத்திரிகை!

"இஞ்சாருங்கோ, இவரோ அந்தப் பேப்பர்காரர்? ஒவ்வொரு நாளும் இதை வைச்சுத்தான் நாங்கள் செபம் சொன்னனாங்கள். இதாலைதானே வந்து சேர்ந்தனாங்கள், சொல்லுங்கோ" என்று இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

மூன்று வருடமாக அவளுக்கு உண்மையை எழுதாமல் விட்டவன் நான். வெட்கம். இப்போதும் மாற்றிச் சொல்லித் தப்பலாம், ஒருவர் பாசை மற்றவருக்குத் தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. அவள் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். பிறகு அவள் பக்கம் திரும்பி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும், இவர் யார் என்பதையும், அதற்காக இவர் பட்டதையும் சொன்னேன்.

"ஐயோ, கடவுளே!" என்று பறித்துக் கிழிக்கப் போனாள். நண்பர் தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கத்தரிக்கோல் இருக்கா?"

மேசையில் வைத்து, எழுத்து ஒன்றும் வராமல், சுற்றிவர என் படத்தை மட்டும் வெட்டி எடுத்தார். மிச்சத்தைக் கசக்கிக் குப்பைக்குள் போட்டார். படத்தை மகளிடம் கொடுத்து, "இது உன் அப்பா. அந்தத் தாளில் இது ஒன்றுதான் உண்மை" என்றார். நான் தமிழில் சொன்னேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

அவர் போக எழும்பியபோது, "ஊர்ப் பேப்பருக்கு இன்னொரு கடிதம் எழுதுவம். இந்த முறை என்ரை பெயரும் வரட்டும்" என்றேன்.

"நீயே எழுது. நான் கீழே கையெழுத்துப் போடுறன்" என்றார்.

அன்றைக்குப் பின்னேரமே எழுதினேன். முதல் பெயர் என்னுடையது.