பீலியடி ஏச்சு

நாளைக்கு ஆசிரியர்களாகப் போகிற எங்களுக்கு விரிவுரை மண்டபத்தில் நீர்ச் சிக்கனப் படம் ஓடும்போதே, வெளியே மூடாத குழாயடியிலிருந்து பாசி வாசம் வந்தது. மூடாமல் வந்தவன் நீர்ச் சிக்கனச் சுவரொட்டிக்கு முதல் பரிசு வாங்கிய மகராசன். பரிசுதான் கிடைத்துவிட்டதே, இனித் தண்ணீர் எதற்கு?

வாசம் என்னை ஓப்பநாயக்கத் தோட்டத்துத் தண்ணீர்ப் பீலிக்கு இழுத்துப்போனது. நாங்கள் இருந்த லயத்து வீட்டு வரிசையோடு சேர்ந்து மண்சரிவில் போய்விட்ட இடம். மூங்கில் பீலியில் நூலாய் ஒழுகும் தண்ணீர், ஆட்களுக்குப் பதிலாக வரிசையில் நிற்கும் வாளிகள், என் வாளி கொஞ்சம் வழிந்தாலே, "ஏன்டி, ஒங்கப்பன் என்ன தொரையா? வாளிய எடுடி!" என்று சிரித்துக்கொண்டே ஏசும் பெண்கள். அந்த வெட்கம் இன்னும் குழாயை மூடக் கையைக் கொண்டுபோகிறது.

கற்பித்தல் பயிற்சிக்குக் கொடகவெலப் பள்ளிக்குப் போனால் சுவரொட்டி ஒட்டமாட்டேன். குழாயை நூலளவுக்குத் திருகிவிட்டு, பிள்ளைகளை வாளியோடு வரிசையில் நிறுத்தி, ஏசுவதை அவர்களிடமே விட்டுப் பார்க்கப்போகிறேன்.